2010 ஹைட்டி நிலநடுக்கம்: நிவாரணமும் மருத்துவமும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹைட்டியில் அன்று நடந்தது என்ன?

2010ஆம் ஆண்டு ஜனவரி 12 அன்று, உள்ளூர் நேரப்படி மாலை 4.53 மணிக்கு, 7.0 அளவுள்ள நிலநடுக்கம் கரீபியன் தீவு நாடான ஹைட்டியைத் தாக்கியது. அதன் மையம் தலைநகர் போர்ட்-ஓ-பிரின்ஸிலிருந்து மேற்கே ஏறத்தாழ 25 கிலோமீட்டர் தொலைவில், லியோகான் என்ற ஊருக்கு அருகில், சுமார் 13 கிலோமீட்டர் ஆழத்தில் இருந்தது. குடியரசுத் தலைவர் மாளிகை, நாடாளுமன்றம், தலைமைப் பேராலயம், பெரும்பாலான அமைச்சகங்கள் என்று நாட்டை நடத்திச்செல்ல வேண்டிய கட்டடங்கள் எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் சரிந்தன. ஐ.நா. அமைதிப்படையின் தலைமையகமாக இருந்த விடுதிக் கட்டடமும் இடிந்து, அப்படையின் தலைவர் ஹெடி அன்னாபி உட்பட ஐ.நா. பணியாளர்கள் 102 பேர் இறந்தனர். அதாவது, பேரிடர் வந்தால் உதவியை ஒருங்கிணைக்க வேண்டிய இரண்டு தலைமைகளும், உள்நாட்டு அரசும் ஐ.நா.வும், அந்தப் பேரிடரிலேயே பாதிக்கப்பட்டவர்களாகிவிட்டன. பின்னர் வந்த குழப்பங்கள் பலவற்றின் வேர் இங்கேதான் இருக்கிறது.

வீடிழந்தவர்கள் சுமார் 15 லட்சம் பேர். சேத மதிப்பு ஏறத்தாழ 780 கோடி டாலர் என்று கணக்கிடப்பட்டது. அது அந்த நாடு அதற்கு முந்தைய ஆண்டு முழுவதும் ஈட்டிய மொத்த உற்பத்தியைவிட அதிகம். ஹைட்டி மக்கள் அந்த அதிர்வை 'கூடு கூடு' என்று ஒலிக்கும் ஒரு சொல்லால் குறிப்பிடுகிறார்கள். கட்டடங்கள் ஆடியபோது எழுந்த ஓசையைக் கொண்டு அவர்களே உருவாக்கிக்கொண்ட பெயர் அது.

அதே ஆண்டு சிலியில் இதைவிடப் பெரிய நிலநடுக்கம் வந்ததே? அங்கே ஏன் அவ்வளவு பேர் இறக்கவில்லை?

ஆறு வாரங்கள் கழித்து, பிப்ரவரி 27 அன்று, சிலியை 8.8 அளவுள்ள நிலநடுக்கம் தாக்கியது. வெளியான ஆற்றலைக் கொண்டு பார்த்தால் அது ஹைட்டியில் வந்ததைப் போல சுமார் 500 மடங்கு. இருந்தும் அங்கே இறந்தவர்கள் 500 பேரை ஒட்டியே இருந்தார்கள். சிலியின் நிலநடுக்க மையம் கடலுக்கு அடியில், பெருநகரங்களைவிட்டுச் சற்றுத் தள்ளி இருந்தது என்பதை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும்; ஹைட்டியில் அது தலைநகரின் வாசலிலேயே இருந்தது. ஆனால் மீதி விளக்கம் கம்பியிலும் சிமெண்டிலும் இருக்கிறது. சிலியில் நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டட விதிகள் பல பத்தாண்டுகளாக நடைமுறையில் இருந்தன. ஹைட்டியில் அப்படிப்பட்ட விதிகளை எவரும் செயல்படுத்தவில்லை. புயலுக்குப் பயந்து கனமான கான்கிரீட் கூரை போடுவது அங்கே வழக்கம்; அதைத் தாங்கிய சுவர்களோ, சிமெண்டைக் குறைத்து வார்த்த கற்களாலும் மெலிந்த தூண்களாலும் ஆனவை. சூறாவளியிலிருந்து காத்த கூரைதான் நிலநடுக்கத்தில் ஆளை நசுக்கியது.

இறந்தவர்களின் எண்ணிக்கை ஏன் இடத்துக்கு இடம் மாறுகிறது?

ஹைட்டி அரசு முதலில் 2 லட்சத்துக்கு மேல் என்றும், ஓராண்டு நிறைவில் 3,16,000 என்றும் அறிவித்தது. வீடு வீடாகக் கேட்டு நடத்தப்பட்ட ஓர் ஆய்வு சுமார் 1,60,000 என்றது. அமெரிக்க உதவி முகமைக்காகத் தயாரிக்கப்பட்ட மற்றோர் அறிக்கை 46,000 முதல் 85,000 வரை என்று மிகவும் குறைத்துச் சொன்னது. லாரிகளில் ஏற்றிச் செல்லப்பட்ட உடல்கள் எண்ணப்படாமலேயே டிடான்யென் என்னுமிடத்தில் பெருங்குழிகளில் புதைக்கப்பட்டதுதான் இந்த வேறுபாட்டுக்கு முதற்காரணம். பிறப்பு இறப்புப் பதிவேடே முழுமையாக இல்லாத நாட்டில், இறந்தவர்களைப் பின்னோக்கிக் கழித்துப் பார்க்கவும் வழியில்லை. எந்த எண்ணைப் பயன்படுத்தினாலும், அது யாருடைய மதிப்பீடு என்பதையும் சேர்த்துச் சொல்வதே முறை.

இடிபாடுகளிலிருந்து மக்களை மீட்டவர்கள் யார்?

பெரும்பாலும் அக்கம்பக்கத்தினர். உலகெங்கிலுமிருந்து அறுபதுக்கும் மேற்பட்ட தேர்ச்சி பெற்ற மீட்புக் குழுக்கள், மோப்ப நாய்களோடும் ஒலி உணர்கருவிகளோடும் வந்தன. அவை எல்லாம் சேர்ந்து உயிருடன் மீட்டவர்கள் சுமார் 130 பேர். ஒவ்வொரு மீட்பும் தொலைக்காட்சியில் ஓடியது, ஒவ்வொன்றும் மகிழ்ச்சிக்குரியதுதான். ஆனால் கடப்பாரையும் சம்மட்டியும் வெறுங்கையும் கொண்டு, முதல் இரவிலேயே உறவினர்களும் அண்டை வீட்டாரும் வெளியே இழுத்தவர்களின் எண்ணிக்கையை யாரும் பதிந்து வைக்கவில்லை. இடிபாட்டுக்குள் சிக்கியவர் உயிர் பிழைக்கும் வாய்ப்பு முதல் 24 மணி நேரத்துக்குப் பிறகு வேகமாகச் சரிகிறது. வெளிநாட்டு விமானம் தரையிறங்குவதற்குள் அந்த நேரத்தின் பெரும்பகுதி கடந்துவிடுகிறது. ஆகவே மீட்புக்குச் செலவிட வேண்டிய பணத்தின் ஒரு பகுதியை, ஆபத்துள்ள ஊர்களில் வாழ்பவர்களுக்கே முன்கூட்டிப் பயிற்சியும் கருவிகளும் கொடுக்கச் செலவிடுவது கூடுதல் உயிர்களைக் காக்கும் என்பதே பேரிடர்த் துறையினர் பலரின் கருத்து. தொலைக்காட்சிக்கு அதில் காட்சி ஏதும் கிடைக்காது என்பதுதான் குறை.

நகரின் மருத்துவமனைகள் என்னாயின?

பல இடிந்தன, இடியாதவற்றுக்குள் போக நோயாளிகளே அஞ்சினார்கள். பின்னதிர்வுகள் தொடர்ந்துகொண்டிருந்ததால், அறுவை சிகிச்சை முடிந்தவர்கள்கூடப் படுக்கையைத் தெருவுக்கு இழுத்துவந்து மரத்தடியில் கிடந்தார்கள். நாட்டின் தலைமை அரசு மருத்துவமனையான பொது மருத்துவமனை பாதி சேதமடைந்தது. அதை ஒட்டியிருந்த செவிலியர் பள்ளி, வகுப்பு நடந்துகொண்டிருந்த வேளையில் மாணவியர்மீது சரிந்தது. ஒரு தலைமுறைச் செவிலியர்களை அந்த நாடு ஒரே மாலையில் இழந்தது என்று சொன்னால் மிகையில்லை. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு நடத்திவந்த மருத்துவமனைகளில் ஒன்றும் இடிந்து விழுந்தது.

இத்தனைக்கும் நடுவில் முதல் மணி நேரத்திலேயே சிகிச்சையைத் தொடங்கியவர்கள் இருந்தார்கள். வீடிழந்து, பிள்ளையை இழந்து, அப்படியே பணிக்கு வந்த ஹைட்டி மருத்துவர்களும் செவிலியர்களும் முதலில். 1998ஆம் ஆண்டிலிருந்தே அங்கே பணியாற்றிவந்த கியூபா மருத்துவக் குழுவினர் அடுத்து. நிலநடுக்கத்தின்போது அவர்கள் முந்நூறுக்கும் மேற்பட்டோர் நாடெங்கும் இருந்தார்கள். மூன்றாவதாக, மத்தியப் பீடபூமியில் பல பத்தாண்டுகளாக வேரூன்றி, பெரும்பாலும் ஹைட்டியர்களையே பணியமர்த்தி இயங்கிய சான்மி லசாந்தே அமைப்பு. அமெரிக்க மருத்துவர் பால் ஃபார்மர் உள்ளிட்டோர் தொடங்கிய இதன் மருத்துவமனைகள் தலைநகருக்கு வெளியே இருந்ததால் தப்பின, காயமடைந்தோர் அங்கே திரண்டனர். முன்பே இருந்தவர்கள்தாம் முதலில் உதவினார்கள் என்ற இந்தச் சாதாரண உண்மை அன்றைய செய்திகளில் அதிகம் இடம்பெறவில்லை.

வெளிநாட்டு மருத்துவக் குழுக்கள் ஏன் தாமதமாக வந்தன?

துறைமுகத்தின் தூக்கிகள் கடலுக்குள் சாய்ந்திருந்தன. விமான நிலையத்தில் ஒரே ஓடுபாதை. கட்டுப்பாட்டுக் கோபுரமும் சேதம். அமெரிக்க இராணுவம் வான்வழிக் கட்டுப்பாட்டை ஏற்று, நாளொன்றுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட விமானங்களை இறக்கியது திறமையான செயல்தான். ஆனால் எந்த விமானம் முதலில் இறங்குவது என்ற வரிசை சர்ச்சைக்குள்ளாயிற்று. ஊதி நிறுத்தக்கூடிய கள மருத்துவமனையைச் சுமந்துவந்த விமானம் அண்டை நாடான டொமினிக்கன் குடியரசுக்குத் திருப்பப்பட்டு, அந்தச் சரக்கு சாலை வழியாக வந்து சேர வேண்டியிருந்தது. அறுவைக் கூடத்துக்கு ஒரு நாள் தாமதம் என்றால், கால் அழுகத் தொடங்கியவருக்கு அது அந்தக் காலையே இழப்பது.

இஸ்ரேல் இராணுவத்தின் கள மருத்துவமனை நான்காம் நாளில் இயங்கத் தொடங்கி, பத்து நாள்களில் 1,111 பேருக்குச் சிகிச்சையளித்தது. வேகத்துக்கு அது இன்றும் எடுத்துக்காட்டாகக் கூறப்படுகிறது. யாரை ஏற்பது, யாரைத் திருப்பியனுப்புவது என்று அதன் மருத்துவர்கள் நாள்தோறும் முடிவெடுக்க வேண்டியிருந்ததை அவர்களே பின்னர் எழுதினார்கள்: காப்பாற்றும் வாய்ப்பு மிகக் குறைந்தவருக்கு ஒரு படுக்கையைக் கொடுத்தால், பிழைக்கக்கூடிய பலர் வெளியே நிற்பார்கள். அமெரிக்காவின் மிதக்கும் மருத்துவமனைக் கப்பலான கம்ஃபர்ட் எட்டாம் நாள் வந்து சேர்ந்தது. அங்கிருந்த கருவிகள் நகரில் எங்குமில்லாதவை. ஆனால் நோயாளியைக் கப்பலுக்கு ஏற்றுவது ஒருவகைச் சிக்கல் என்றால், குணமானபின் அவரை எந்த வீட்டுக்கு இறக்குவது என்பது அதைவிடப் பெரிய சிக்கலாக இருந்தது.

நிலநடுக்கத்தில் ஏற்படும் காயங்களில் மருத்துவர்கள் எதற்கு அதிகம் அஞ்சுகிறார்கள்?

கை கால் எலும்பு முறிவுகளே எண்ணிக்கையில் அதிகம். ஆனால் ஏமாற்றக்கூடியது 'கிரஷ் சிண்ட்ரோம்' எனப்படும் நசுங்கல் பாதிப்பு. ஒருவருடைய தொடை பல மணி நேரம் கான்கிரீட்டுக்கு அடியில் அழுந்திக் கிடக்கிறது. அவர் பேசுகிறார், தண்ணீர் கேட்கிறார், நினைவோடு இருக்கிறார். பாரத்தைத் தூக்கியதும் சில நிமிடங்களில் இதயம் நின்றுவிடுகிறது. நசுங்கிய தசைக்குள் தேங்கியிருந்த பொட்டாசியம் இரத்த ஓட்டம் திரும்பியவுடன் உடலெங்கும் பாய்வதே காரணம். அதைத் தாண்டிப் பிழைத்தாலும், சிதைந்த தசையிலிருந்து வெளியேறும் மயோகுளோபின் என்ற புரதம் சிறுநீரகத்தை அடைத்து, ஓரிரு நாள்களில் அதைச் செயலிழக்கச் செய்கிறது. சிறுநீர் தேநீர் நிறத்தில் வருவது அதன் அறிகுறி.

இதைத் தடுக்கும் முறை வியக்கத்தக்க அளவு எளியது: பாரத்தைத் தூக்குவதற்கு முன்பே நரம்பு வழியாக உப்புநீரை மணிக்கு ஒரு லிட்டர் என்ற அளவில் ஏற்றத் தொடங்க வேண்டும். ஒரு பாட்டில் உப்புநீர் கிடைத்தவருக்கும் கிடைக்காதவருக்கும் உள்ள வேறுபாடு, பின்னாளில் டயாலிசிஸ் தேவையா இல்லையா என்பதாக முடியக்கூடும். சிறுநீரகம் செயலிழந்துவிட்டால் டயாலிசிஸ் தவிர வழியில்லை. அதற்கோ மின்சாரமும் தூய நீரும் பழகிய கையும் வேண்டும், இடிந்த நகரில் மூன்றும் அரிது. 1988ஆம் ஆண்டு ஆர்மீனியா நிலநடுக்கத்தில் நூற்றுக்கணக்கானோர் இவ்வாறு பாதிக்கப்பட்ட அனுபவத்திலிருந்து, சிறுநீரக மருத்துவர்களின் பன்னாட்டு அமைப்பு தனியாக ஒரு பேரிடர்க் குழுவை உருவாக்கியது. 1999ஆம் ஆண்டு துருக்கி நிலநடுக்கத்தில் 600க்கும் மேற்பட்ட சிறுநீரக நோயாளிகளை அத்தகைய ஏற்பாடு கையாண்டது. ஹைட்டியிலும் அக்குழு எல்லைகளற்ற மருத்துவர்களோடு சேர்ந்து பணியாற்றியது. உரிய நேரத்தில் சிகிச்சை கிடைத்தவர்கள் சில வாரங்களில் சிறுநீரகம் மீண்டு இயல்புக்குத் திரும்புகிறார்கள் என்பதால், இந்த முயற்சி வீண்போவதில்லை.

அவ்வளவு பேருக்குக் கை கால்களை அகற்ற வேண்டியிருந்ததா?

அகற்றப்பட்டவர்களின் எண்ணிக்கை 2,000 முதல் 4,000 வரை இருக்கும் என்பது பரவலான மதிப்பீடு. அவற்றில் பல உயிரைக் காத்தவை. அழுகல் மேலேறும்போது மருத்துவர் முன் வேறு வழியில்லை. ஆனால் சில, போதிய அனுபவமோ கருவியோ இல்லாத குழுக்கள் அவசரத்தில் செய்தவை என்று பின்னர் வந்த எலும்பு அறுவை வல்லுநர்கள் குறை கூறினார்கள். இரண்டு தவறுகளை அவர்கள் திரும்பத் திரும்பக் கண்டார்கள். ஒன்று, அழுக்கான காயத்தை நன்கு சுத்தம் செய்து சில நாள்கள் திறந்தே வைத்திருந்து பிறகு தைப்பதற்குப் பதிலாக, அன்றே தைத்து மூடியது. உள்ளே சீழ் பிடித்தது. மற்றொன்று, எலும்பை மூடத் தசையே விடாமல் நேராக வெட்டியது. அத்தகைய காலில் செயற்கைக் கால் பொருந்தாது, மறுபடியும் வெட்ட வேண்டும்.

இன்னொரு குறை மருத்துவத்தைச் சார்ந்ததல்ல, எழுத்தைச் சார்ந்தது. ஒரு வாரம் தங்கி நூறு அறுவைகள் செய்துவிட்டுத் திரும்பிய குழு, யாருக்கு என்ன செய்தோம் என்ற குறிப்பை விட்டுச் செல்லவில்லை என்றால், அடுத்து வந்த மருத்துவர் கட்டைப் பிரித்துப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. நோயாளியின் ஒப்புதலும் அப்படியே: மயக்கம் தெளிந்து பார்க்கும்போது கால் இல்லை, ஏன் என்று அவருடைய கிரியோல் மொழியில் சொல்ல ஆளில்லை. ஓர் உறுப்பு அகற்றல் என்பது ஓர் அறுவையோடு முடிவதில்லை. வளரும் குழந்தைக்கு ஆண்டுதோறும்கூடச் செயற்கைக் காலை மாற்ற வேண்டியிருக்கும். ஆகவே கத்தியை எடுப்பதற்கு முன்பே, பத்தாண்டு கழித்து இவருக்குக் கால் செய்து தரப்போவது யார் என்று கேட்டுக்கொள்ளும் பொறுப்பு அறுவை மருத்துவருக்கு உண்டு என்று நான் கருதுகிறேன்.

பிணங்களால் தொற்றுநோய் பரவாதா?

பரவுவதில்லை. காயத்தால் இறந்தவர்களின் உடலில் கொள்ளைநோய்க் கிருமிகள் இருப்பதற்குக் காரணமில்லை. காலரா போன்ற நோயால் இறந்தவர்களைக் கையாளும்போதுதான் தனிக் கவனம் தேவை. உலக நலவாழ்வு அமைப்பு இதைப் பல பேரிடர்களாகச் சொல்லிவருகிறது. இருந்தும் அச்சத்தால் அவசரமாகப் பெருங்குழிகளில் புதைப்பதால், குடும்பத்தினர் அடையாளம் காணவும் சடங்கு செய்யவும் வாய்ப்பிழக்கிறார்கள். இறப்புச் சான்று இல்லாததால் சொத்துரிமையும் மறுமணமும்கூடச் சிக்கலாகின்றன.

நிலநடுக்கத்துக்கு ஒன்பது மாதம் கழித்துக் காலரா வந்தது எப்படி?

இந்தக் கேள்விக்குச் சற்று நீண்ட விடை தேவை, ஏனெனில் உதவி செய்ய வந்தவர்களே தீங்குக்குக் காரணமாகக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அண்மை வரலாற்றில் இல்லை.

நிலநடுக்கத்துக்குப் பின் தலைநகரின் கூடார முகாம்களில் தொற்றுநோய் வெடிக்கும் என்றே எல்லோரும் அஞ்சினார்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்பவை முகாம்களுக்கான பன்னாட்டு அளவுகோல்கள். ஹைட்டி முகாம்களில் இவை பல இடங்களில் எட்டப்படவில்லை. ஆனாலும் லாரிகளில் குளோரின் கலந்த நீர் வந்துகொண்டிருந்ததால் முகாம்கள் ஓரளவு தாக்குப்பிடித்தன. நோய் வெடித்தது முகாம்களில் அல்ல. நிலநடுக்கம் நேரடியாகத் தொடாத ஆர்டிபோனிட் ஆற்றங்கரைக் கிராமங்களில், 2010 அக்டோபர் நடுப்பகுதியில். குறைந்தது ஒரு நூற்றாண்டாக ஹைட்டியில் காலரா பதிவானதில்லை. அதனால் மக்களுக்கு எதிர்ப்புத்திறனும் இல்லை, மருத்துவர்களுக்கு அனுபவமும் இல்லை.

மிர்பலே என்ற ஊருக்கு அருகில், ஆர்டிபோனிட்டில் கலக்கும் ஓர் ஓடையின் கரையில், ஐ.நா. அமைதிப்படையின் நேபாளப் பிரிவு முகாமிட்டிருந்தது. அதன் கழிவு ஓடையில் கலந்தது. நேபாளத்தில் அப்போது காலரா பரவிக்கொண்டிருந்தது. பிரெஞ்சு நோய்ப்பரவலியல் அறிஞர் ரெனோ பியாரு களத்தில் நடந்து, முதல் நோயாளிகள் எங்கே, எந்த நாளில் என்று வரைபடமாக்கி, முகாமையே சுட்டினார். ஹைட்டிக் கிருமியின் மரபணு நேபாளக் கிருமியின் மரபணுவோடு ஒத்திருப்பதை 2011ஆம் ஆண்டு ஆய்வுகள் காட்டின. அந்தப் படைவீரர்கள் வேண்டுமென்று செய்ததல்ல. கழிவகற்றும் ஒப்பந்தத்தைச் சரியாகக் கண்காணித்திருந்தாலோ, வீரர்களைப் புறப்படுமுன் பரிசோதித்து மருந்து கொடுத்திருந்தாலோ தவிர்த்திருக்கலாம் என்பதுதான் வேதனை.

சுமார் 8,20,000 பேருக்கு நோய் கண்டது. ஏறத்தாழ 10,000 பேர் இறந்தனர். காலராவுக்கு மருந்து அரிதானதல்ல. சர்க்கரையும் உப்பும் சரியான அளவில் கலந்த ஓ.ஆர்.எஸ். நீரும், கடுமையான நிலையில் நரம்புவழி நீரும் உரிய நேரத்தில் கிடைத்தால் நூறு நோயாளிகளில் ஒருவர்கூட இறப்பதில்லை. முதல் வாரங்களில் இறந்தவர்களில் பலர், சிகிச்சை மையத்தை அடையும் முன்பே இறந்தவர்கள். 2012இல் சான்மி லசாந்தேயும் கெஸ்கியோ என்ற ஹைட்டி நிறுவனமும் சேர்ந்து சுமார் ஒரு லட்சம் பேருக்கு வாய்வழித் தடுப்பு மருந்தைக் கொடுத்து, ஏழை நாட்டில் நோய் பரவும் நடுவிலும் அது சாத்தியம் என்று காட்டின; அதற்குமுன் பலர் அது வீண்செலவு என்று வாதிட்டார்கள்.

ஐ.நா. தன்மீது வழக்குத் தொடர முடியாது என்ற சட்டப் பாதுகாப்பைக் காட்டி இழப்பீட்டு வழக்குகளை எதிர்த்தது. ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு, 2016 டிசம்பரில், பொதுச்செயலாளர் பான் கி-மூன் ஹைட்டி மக்களிடம் வருத்தம் தெரிவித்தார். அவர் அறிவித்த 40 கோடி டாலர் திட்டத்துக்கு நாடுகள் கொடுத்தது அதன் சிறு பகுதியே. 2019 தொடக்கத்தில் ஓய்ந்த காலரா, 2022 அக்டோபரில் மீண்டும் தலைகாட்டியது.

அனாதையான குழந்தைகளைத் தத்தெடுப்பது உதவியாகாதா?

நிலநடுக்கத்தை அடுத்த வாரங்களில் அல்ல. பெற்றோரைப் பிரிந்த குழந்தை என்பதும் பெற்றோரை இழந்த குழந்தை என்பதும் ஒன்றல்ல. 2010 ஜனவரி இறுதியில், 33 குழந்தைகளை ஆவணங்களின்றி எல்லை தாண்ட அழைத்துச் சென்ற அமெரிக்க மதப்பணியாளர்கள் பத்துப் பேரை ஹைட்டிக் காவல்துறை தடுத்தது. அனாதைகள் என்று சொல்லப்பட்ட அக்குழந்தைகளில் பெரும்பாலோருக்குப் பெற்றோர் உயிரோடு இருந்தனர். முதற்பணி பதிவுசெய்து குடும்பத்தைத் தேடுவதே.

கைக்குழந்தைகள் விஷயத்தில் இன்னொரு எச்சரிக்கை உண்டு. பால்பவுடர் டின்களை அனுப்புவது நல்லெண்ணமாகத் தோன்றும். தூய நீரும் அடுப்பும் இல்லாத கூடாரத்தில் அது வயிற்றுப்போக்காக முடியும். அதிர்ச்சியில் தாய்ப்பால் வற்றிவிடும் என்ற நம்பிக்கை தவறு. தாய்மார்கள் தனிமையில் அமர்ந்து பாலூட்டவும் ஆலோசனை பெறவும் ஹைட்டி முகாம்களில் தனிக் கூடாரங்கள் அமைக்கப்பட்டன; செலவு குறைந்த, பயன் மிகுந்த ஏற்பாடு அது.

மனநல உதவி?

பெரும்பாலோருக்குத் தேவைப்படுவது மனநல மருத்துவர் அல்ல. பாதுகாப்பான இடம், உறவினரைப் பற்றிய செய்தி, கேட்கும் காது. நடந்ததை உடனே விவரிக்கும்படி வற்புறுத்தும் ஒருமுறை அமர்வுகள் நன்மை தருவதில்லை என்பதால் உலக நலவாழ்வு அமைப்பு அவற்றைப் பரிந்துரைப்பதில்லை. ஏற்கெனவே மனநோய்க்கு மருந்து உட்கொண்டிருந்தவர்களுக்கு அது தடைபடாமல் பார்த்துக்கொள்வது மறக்கப்படும் பணி. வலிப்பு, நீரிழிவு, எச்.ஐ.வி., காசநோய் ஆகியவற்றுக்கும் இதே பேச்சு பொருந்தும்.

உலகம் கொடுத்த பணமெல்லாம் எங்கே போயிற்று?

2010 மார்ச் 31 அன்று நியூயார்க்கில் கூடிய நாடுகள், அடுத்த இரண்டாண்டுகளுக்கு 530 கோடி டாலருக்கு மேல் தருவதாக உறுதியளித்தன. உறுதியளித்தது வேறு, கொடுத்தது வேறு. கொடுத்ததிலும், அவசர நிவாரணத்துக்குச் செலவான தொகையில் ஹைட்டி அரசின் கைக்குப் போனது ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று. மீதி கொடுத்த நாடுகளின் சொந்த இராணுவம் மற்றும் மீட்புத் துறைகள், ஐ.நா. முகமைகள், பெரிய தொண்டு நிறுவனங்கள், ஒப்பந்ததாரர்கள் வழியாகச் சென்றது.

ஊழல் மிகுந்த அரசிடம் பணத்தைக் கொடுக்க முடியாது என்பது இதற்குச் சொல்லப்பட்ட காரணம். அதில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் அரசைத் தவிர்த்துச் செல்வதற்கும் ஒரு விலை உண்டு. அரசு மருத்துவமனை ஊழியர்கள் சம்பளமின்றிப் பணியாற்றிக்கொண்டிருக்க, பக்கத்துக் கூடாரத்தில் தொண்டு நிறுவனம் கூடுதல் ஊதியத்துக்கு அவர்களையே அழைத்துக்கொண்டது. வெளிநாட்டுக் குழுக்கள் இலவசமாகச் சிகிச்சையளிக்க, கட்டணத்தை நம்பி நின்ற உள்ளூர்த் தனியார் மருத்துவமனை ஒன்று, நிலநடுக்க நோயாளிகளைப் பணம் வாங்காமல் ஏற்றுக்கொண்ட கடனிலேயே மூழ்கி மூடப்பட்டது. சுகாதாரப் பணி ஒருங்கிணைப்புக் கூட்டங்களில் ஏறத்தாழ 400 அமைப்புகள் பதிந்திருந்தன. கூட்டங்கள் விமான நிலையத்தை ஒட்டிய ஐ.நா. வளாகத்தில் ஆங்கிலத்தில் நடந்தன. பிரெஞ்சும் கிரியோலும் பேசும் உள்ளூர் அமைப்பினர் வாயிற்காவலரைத் தாண்டி உள்ளே வருவதே பாடாக இருந்தது.

இந்த வழக்கம் நிலநடுக்கத்தோடு தொடங்கியதுமல்ல. 1990களில் அரிசி இறக்குமதி வரி குறைக்கப்பட்டதால் ஹைட்டி உழவர்கள் வீழ்ந்ததற்குத் தம் கொள்கையும் காரணம் என்று முன்னாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பில் கிளின்டன் 2010 மார்ச்சில் வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். நிலம் விட்டு நகரத்துக்கு வந்தவர்கள்தாம் மலைச்சரிவுகளில் அந்தக் கான்கிரீட் வீடுகளைக் கட்டியிருந்தார்கள்.

பணத்துக்குப் பதிலாகத் துணி, மருந்து அனுப்பலாமா?

வேண்டாம். காலாவதியான, வேற்றுமொழியில் பெயரெழுதிய மருந்துகளைப் பிரித்து அழிப்பதற்கே ஆளும் பணமும் செலவாகின்றன. ஒற்றை ஓடுபாதையில் அந்தப் பெட்டி ஓர் உப்புநீர்ப் பெட்டியின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது.

நான் மருத்துவர் அல்லது செவிலியர். பேரிடர் நடந்த நாட்டுக்கு நேராகப் போய் உதவலாமா?

தனியாகப் போகாதீர்கள். ஹைட்டியில் தாமாக வந்திறங்கியவர்கள் உணவும் தங்குமிடமும் இன்றி, உள்ளூர்க்காரர்களின் பங்கையே பகிர்ந்துண்ண நேர்ந்தது. அந்த அனுபவத்தின் விளைவாகவே உலக நலவாழ்வு அமைப்பு 2013இல் அவசரகால மருத்துவக் குழுக்களுக்கான தர வரையறைகளை வெளியிட்டது. முதல் வகைக் குழு நாளொன்றுக்குக் குறைந்தது 100 புறநோயாளிகளைப் பார்க்க வேண்டும். இரண்டாம் வகைக்கு 20 படுக்கைகளும் நாளொன்றுக்கு ஏழு பெரிய அறுவைகளைச் செய்யும் திறனும் தேவை. மூன்றாம் வகை தீவிர சிகிச்சையும் அளிக்க வேண்டும். எந்த வகையானாலும் தன் உணவு, நீர், மின்சாரத்தைத் தானே கொண்டுவந்து, அந்நாட்டு அரசிடம் பதிந்து, நோயாளிக் குறிப்புகளை ஒப்படைத்துவிட்டே புறப்பட வேண்டும். இத்தகைய குழு ஒன்றில் முன்கூட்டியே சேர்ந்து பயிற்சி பெற்றிருந்தால் போகலாம். இல்லையென்றால், முதல் இரண்டு வாரக் கூட்டம் கலைந்தபின் உடற்பயிற்சிச் சிகிச்சையாளரும் செவிலிய ஆசிரியரும் தேவைப்படும் ஆறாவது மாதத்தில் போவது மேல்.

இதற்குப் பிறகு ஏதாவது மாறியதா?

ஓரளவு மாறியது. 2015 ஏப்ரல் 25 அன்று 7.8 அளவுள்ள நிலநடுக்கம் நேபாளத்தைத் தாக்கி ஏறத்தாழ 9,000 பேர் இறந்தபோது, வெளிநாட்டு மருத்துவக் குழுக்களைப் பதிவுசெய்து எங்கே போவது என்று சொன்னது அந்நாட்டுச் சுகாதார அமைச்சகம். அங்கும் ஒரே ஓடுபாதைதான். பழுதைத் தவிர்க்கக் கனத்த விமானங்களைச் சில நாள்களில் தடுக்க வேண்டியதாயிற்று.

ஹைட்டியையே 2021 ஆகஸ்ட் 14 அன்று 7.2 அளவுள்ள மற்றொரு நிலநடுக்கம் தாக்கியது. தென்மேற்குத் தீபகற்பத்தில் 2,200க்கும் மேற்பட்டோர் இறந்தனர். குடியரசுத் தலைவர் ஜோவெனல் மொய்ஸ் கொலையுண்டு ஐந்து வாரங்களுக்குச் சற்று மேல்தான் ஆகியிருந்தது. இரண்டு நாளில் புயலும் வந்தது. இம்முறை உதவி நாட்டின் குடிமைப் பாதுகாப்புத் துறை வழியாகச் செல்ல வேண்டும் என்று அரசு வலியுறுத்தியது. ஆனால் தலைநகரிலிருந்து தெற்கே செல்லும் ஒரே நெடுஞ்சாலை ஆயுதக் கும்பல்களின் பிடியில் இருந்ததால், லாரிகள் போக அவர்களோடு ஒப்பந்தம் தேவைப்பட்டது.

2010க்குப் பின் எழுந்தவற்றில் குறிப்பிடத் தக்கது மிர்பலே பல்கலைக்கழக மருத்துவமனை. 300 படுக்கைகளுடன், பகலில் சூரிய மின்சாரத்தில் இயங்கும்படி, ஹைட்டி அரசோடு சேர்ந்து கட்டப்பட்டு 2013இல் திறக்கப்பட்டது. ஹைட்டியின் இளம் மருத்துவர்கள் அறுவையிலும் மகப்பேற்றிலும் அவசர சிகிச்சையிலும் பட்டப்பின் பயிற்சி பெற்றது அங்கேதான். 2021இல் தெற்கிலிருந்து வந்த காயமுற்றோரைக் கவனித்தவர்களில் அங்கே பயின்றவர்கள் இருந்தார்கள். 2025 மார்ச் இறுதியில் ஆயுதக் கும்பல்கள் மிர்பலே நகரைத் தாக்கின. அடுத்த சில வாரங்களில் நோயாளிகளை வேறிடங்களுக்கு மாற்றிவிட்டு அந்த மருத்துவமனை மூடப்பட்டது.